ஹாட்ரிக்கின் நடுவே ஒரு தோல்வி: கேள்வி பதில்

விளையாட்டிலிருந்து பேச்சுக்கு வந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுத்தர மதுரையில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள்.

ஆரப்பாளையம்: ஹாட்ரிக்கில் தொப்பி எங்கிருந்து வந்தது சார்?

1858-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீபன்சன் மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி பரிசளித்தார்கள். பிறகு அந்தப் பெயர் கால்பந்துக்குப் போனது. அங்கே கோல்கள் அடுத்தடுத்து விழ வேண்டியதில்லை, ஒரே ஆட்டத்தில் ஒருவரே மூன்று போட்டால் போதும். இன்றைக்கு நகைக்கடைக்காரர் மூன்றாவது கிளை திறந்தாலும் ஹாட்ரிக்தான். தொப்பியும் போச்சு, பந்தும் போச்சு, மூன்று மட்டும் மிச்சம்.

ரேஸ்கோர்ஸ் காலனி: 'ஹேண்ட்ஸ் டவுன்' ஜெயித்தான் என்கிறார்களே, கையை ஏன் இறக்க வேண்டும்?

குதிரைப் பந்தயம். பின்னால் வருகிற குதிரை எட்டாத தூரத்தில் இருந்தால், ஜாக்கி கடிவாளப் பிடியைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திவிடுவார். விரட்டாமலே வெற்றி.

திருமங்கலம்: 'சேவ்ட் பை தி பெல்' என்பது, உயிரோடு புதைத்துவிட்டால் அடிக்கட்டும் என்று சவப்பெட்டியில் மணி கட்டியதால் வந்ததாமே?

வாட்ஸ்அப்பில் வந்ததா? ஒரு சொல்லுக்குக் கதை எவ்வளவு ருசியாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். இது குத்துச்சண்டைச் சொல். விழுந்தவரை நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சுற்று முடியும் மணி அடித்தால் அவர் தப்பினார்.

செல்லூர்: வருமான வரி ரெய்டு நம்ம கபடியிலிருந்து போனதுதானே?

செல்லூர்க்காரர் அப்படித்தான் கேட்பீர்கள். இல்லை. படை புகுந்து தாக்குவதற்கான பழைய சொல் அது, கபடி அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டது.

மேலூர்: ஹாட்ரிக் என்பதில் ஹாட் எப்படி வந்தது?

மேலே பாருங்கள்.

அருப்புக்கோட்டை: எம்.ஜி.ஆர். 1977-இல் எங்கள் ஊரிலும், 1980-இல் மதுரை மேற்கிலும், 1984-இல் ஆண்டிபட்டியிலும் ஜெயித்தார். இதுதானே அசல் ஹாட்ரிக்?

சந்தேகமே இல்லை. கட்சியும் மூன்று முறையும் ஆட்சியைப் பிடித்தது.

சிம்மக்கல்: அதெப்படி சார்? 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது இரண்டே இடம். பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். நடுவில் இத்தனை அடி வாங்கிவிட்டு ஹாட்ரிக்கா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். கிரிக்கெட்டிலேயே பதில் இருக்கிறது. ஹாட்ரிக் ஓவரோடு முடிவதில்லை, ஒரே ஆட்டத்தின் இன்னிங்ஸையும் தாண்டலாம். 1988-இல் பெர்த்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் மெர்வ் ஹியூஸ் எடுத்த ஹாட்ரிக் மூன்று ஓவர்களில், இரண்டு இன்னிங்ஸில் பரவியது. நடுவில் ஆஸ்திரேலியா ஒரு இன்னிங்ஸே ஆடி முடித்தது. அவர் வீசிய பந்துகள் மட்டும்தான் கணக்கு. நாடாளுமன்றத் தேர்தல் எதிர்முனையிலிருந்து இன்னொருவர் வீசிய ஓவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல்: இரண்டிலும் அதே கட்சி, அதே சின்னம். பந்து வீசியவர் எப்படி வேறு ஆளானார்?

நல்ல அடி. ஆனாலும் முதல்வர் நாற்காலிக்கான பந்துகளை மட்டும் எண்ணினால் மூன்றும் விக்கெட்தான். பேச்சில் சொல்கிறவர்தான் அம்பயர், எதை எண்ணுவது என்பதும் அவர் இஷ்டம்.

ஆண்டிபட்டி: எங்கள் ஊரில் 1984-இல் அவர் பிரசாரத்துக்கே வரவில்லை, அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். ஆளே இல்லாமல் ஜெயித்ததை எதில் சேர்ப்பீர்கள்?

அதைத்தான் ரேஸ்கோர்ஸ் காலனிக்காரருக்குச் சொன்னேன்.

விளாங்குடி: பதில் தெரியாமல் நின்றால் 'ஸ்டம்ப்டு' என்பது தோனி செய்கிற ஸ்டம்பிங்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் இந்தப் பொருள் அமெரிக்காவில் கிளம்பியது. காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் உழும்போது ஏர் மரத்தின் அடிக்கட்டையில் முட்டி நின்றுவிடும், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. இந்தக் கதையும் ருசிதான், அதனால் 'வந்திருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிம்மக்கல்: அந்த இரண்டு இடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வராது.