நாய்ப் பூங்காவும் தன்னார்வச் சங்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அருகில் நாய்களை வாரில்லாமல் ஓடவிடுவதற்கென்று உள்ளாட்சி அமைப்பு ஒரு பூங்காவை ஒதுக்கியிருக்கிறது. அன்றாடம் அங்கே வரும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்க விரும்புகிறோம். பராமரிப்பை உள்ளாட்சியே பார்க்கும்போது சங்கத்துக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புல் வெட்டுவதும் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதும் உள்ளாட்சியின் வேலையாக இருக்கலாம், ஆனால் தாழ்ப்பாள் தளர்ந்து போனதையும், வேலியடியில் ஒரு நாய் பள்ளம் தோண்டியிருப்பதையும் அன்று மாலையே பார்ப்பவர்கள் நீங்கள்தான். அப்படிப் பார்த்ததை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதே இத்தகைய சங்கத்தின் முதல் வேலை. இந்த வகைப் பூங்காக்களில் மிகப் பழையனவற்றுள் ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரின் ஓலோனி பூங்காவுக்குள் 1979-இல் சோதனை முயற்சியாகத் திறக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து நகர நிர்வாகத்தோடு இணைந்து பேணியதால்தான் சோதனை நிலைத்தது. பின்னால் வந்த பல பூங்காக்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்து வருகின்றன.

பெயர்ப்பலகை, சின்னம், சட்டை ஆகியவற்றை எல்லாம் தள்ளிப்போடுங்கள். உள்ளாட்சியோடு ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்வதே முதல் படி. வேலியைப் பழுதுபார்ப்பது யார், மலம் அள்ளும் பைகளுக்குச் செலவு செய்வது யார், மழைக்குப் பின் மைதானத்தை மூடி வைக்கும் அதிகாரம் யாருக்கு, கடி நேர்ந்தால் புகாரைப் பெறுவது யார், வேலை செய்யும் தன்னார்வலருக்கு அடிபட்டால் காப்பீடு யாருடையது என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிளையை வெட்டுவதற்காக ஏணியில் ஏறிய உறுப்பினர் விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு அதைப் பேச உட்கார்ந்த சங்கத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்தப் பேச்சு யாருக்கும் நல்லதாக முடியவில்லை.

கேள்வி: சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர்களைப் பூங்காவுக்குள் விடாமல் தடுக்கலாமா?

பதில்: கூடாது. நிலம் பொதுமக்களுடையது, சந்தா கட்டியவருக்குச் சங்கக் கூட்டத்தில் வாக்கு உண்டு, வாயிலில் முன்னுரிமை கிடையாது.

கேள்வி: எங்கள் பூங்காவில் வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கிறது. விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியும் பயனில்லை. சங்கம் என்ன செய்ய முடியும்?

பதில்: சண்டைகள் எந்த இடத்தில் நடக்கின்றன என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாயிலுக்கு உட்புறம் பத்தடிக்குள் நடப்பதாகத்தான் தெரியவரும். அங்கே புல் விசிறி வடிவத்தில் தேய்ந்து மண் தெரிவதே அதற்குச் சாட்சி. புதிதாக ஒரு நாய் வரும்போது உள்ளே இருக்கும் ஐந்தாறு நாய்கள் ஓடி வந்து சூழ்ந்துகொள்கின்றன. வாரில் கட்டப்பட்டிருக்கும் அந்த நாயால் விலகவும் முடியாது, ஓடவும் முடியாது. உரிமையாளர் பதற்றத்தில் வாரை இறுக்க இறுக்க, அந்த இறுக்கமே நாய்க்கு ஆபத்தின் அறிவிப்பாகிவிடுகிறது. இரட்டை வாயில் அமைப்பது இதற்காகத்தான். வெளிக்கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று வாரை அவிழ்த்து, உள்ளே கூட்டம் விலகிய பிறகே உட்கதவைத் திறக்க வேண்டும். இரட்டை வாயில் இல்லாத பூங்காவில், சங்கம் திரட்டும் முதல் நன்கொடை அதற்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

அதைவிடச் செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. எங்கள் பூங்காவில் இரண்டு பெஞ்சுகள் வாயிலை ஒட்டியே கிடந்தன. உரிமையாளர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள், நாய்களும் அங்கேயே சுற்றும், வருகிற நாயை வரவேற்க ஒரு படையே தயாராக இருக்கும். அனுமதி பெற்று அந்தப் பெஞ்சுகளை எதிர்க்கோடியில் இருந்த மர நிழலுக்கு மாற்றினோம். மனிதர்கள் போன இடத்துக்கு நாய்களும் போயின, வாயில் காலியாயிற்று. அந்தச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்த காலத்தில் எழுதிய எல்லாச் சுற்றறிக்கைகளையும்விட அந்த இரண்டு பெஞ்சுகள் அதிகம் சாதித்தன.

சண்டைக்கு அடுத்த காரணங்கள் பந்தும் தின்பண்டமும். வீட்டில் யாரோடும் மோதாத நாய்கூட, மூன்று நாய்கள் ஒரே பந்தைத் துரத்தும்போது அதைத் தன் உடைமையாகக் கருதிக் காக்கத் தொடங்கிவிடும். கூட்டமான நேரங்களில் இரண்டையும் வெளியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பருவத்தில் இருக்கும் பெண் நாயை அந்த இரண்டு மூன்று வாரங்களும் அழைத்து வரக் கூடாது. சிறிய நாய்களுக்குத் தனி அடைப்பு இருப்பது நல்லது. ஓடுகிற சின்ன உருவத்தைக் கண்டால் சில பெரிய நாய்களுக்கு விளையாட்டு மறந்து வேட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது. எடை வரம்பை 10 முதல் 15 கிலோவுக்குள் ஏதோ ஓரிடத்தில் வைப்பது பல பூங்காக்களின் வழக்கம்.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிய உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அறிவிப்புப் பலகையைவிட முக்கியம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்துவது விளையாட்டுக்கான அழைப்பு. நல்ல விளையாட்டில் துரத்துகிற நாயும் ஓடுகிற நாயும் அடிக்கடி மாறிக்கொள்ளும், இடையிடையே நின்று உடம்பை உதறிக்கொள்ளும். வாலாட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். உடல் விறைத்து, வால் உயர்ந்து, வாய் மூடியிருக்கும்போதும் வால் ஆடலாம். சந்தேகமாக இருந்தால் மேலே இருக்கும் நாயைச் சற்றுப் பிடித்து நிறுத்துங்கள். கீழே இருந்தது திரும்ப வந்து வம்புக்கு இழுத்தால் அது விளையாட்டு. வேலியோரமாக நழுவினால் அதற்குப் போதும் என்று பொருள்.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் நாய் எதிரில் வருவது எதுவென்று பார்ப்பதில்லை. தண்ணீரை ஊற்றலாம், உரத்த ஒலி எழுப்பலாம், நடுவில் ஒரு பலகையைச் செருகலாம். எதற்கும் மசியாவிட்டால், இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் அவருடைய நாய் தடுக்க வழியின்றிக் கடிபடும்.

கேள்வி: மலத்தை அள்ளச் சொன்னால் "மண்ணுக்கு உரம்தானே" என்று சிலர் சிரிக்கிறார்கள். நோய் பரவும் என்ற அச்சத்தில் வேறு சிலர் மைதானம் முழுவதும் பிளீச்சிங் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் தவறு. இறைச்சி உண்ணும் விலங்கின் மலத்தில் மனிதருக்கும் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிகள் இருக்கலாம். அதை உரமென்று மண்ணில் விட முடியாது. உருளைப்புழுவின் முட்டை வெளியேறிய உடனே யாருக்கும் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது. முதிர்ந்துவிட்டாலோ ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். அன்றைய மலத்தை அன்றே அள்ளிவிட்டால் முட்டை முதிர்வதற்கு முன்பே அதில் பெரும்பகுதி பூங்காவை விட்டுப் போய்விடுகிறது. கொக்கிப்புழு இன்னும் வேகமானது. சூடும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் புழுவாகிவிடும். சிரிப்பவர்களிடம் இந்த இரண்டு செய்திகளையும் சொல்லிப் பாருங்கள். "சுத்தம் காப்போம்" என்ற பலகையைவிட இது உறைக்கும்.

பிளீச்சிங் கரைசல் சிமெண்டுத் தரைக்கும் கிண்ணத்துக்கும் உதவும். மண்ணிலும் புல்லிலும் பட்டதும் அங்குள்ள கரிமப்பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், புல்லும் கருகும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடியது. அதனால் மைதானத்தைக் கழுவ நினைப்பதைவிட, தடுப்பூசித் தொடர் முடியாத குட்டிகளை உள்ளே கொண்டுவராமல் இருப்பதே வழி; அந்தத் தொடர் பெரும்பாலும் குட்டிக்கு 16 வார வயது ஆவதை ஒட்டித்தான் நிறைவடையும். ரேபிஸ் தடுப்பூசியைப் பற்றிப் பேச்சுக்கே இடமில்லை, அது கட்டாயம். தேங்கிய தண்ணீர் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கும் இடம் கொடுக்கும். ஆகவே மழைக்குப் பிறகு எந்த மூலையில் குட்டை நிற்கிறது என்று பார்த்து வடிகால் கேளுங்கள். பொதுக் கிண்ணத்தைவிட அவரவர் கிண்ணம் மேல்.

புல்லைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சிறுநீர் பட்ட இடம் வட்டமாகக் கருகுவது கண்ணில் படுவதால் பழி அதன்மேல் விழுகிறது. மைதானத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு ஓயாத ஓட்டத்தால் மண் இறுகிப்போவதுதான். இடம் போதுமானால் மைதானத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை மூடி வைத்து முளைக்க விட்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். புல் தாங்கவே தாங்காத வாயிலருகில் மரச்சீவல் பரப்பலாம். கோகோ விதைத்தோல் மட்டும் வேண்டாம், சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாகும் அதே பொருள் அதிலும் இருக்கிறது. வேலியோரத்தில் அழகுக்காக அரளி நடச் சொல்லும் அன்பர் ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவர் இருப்பார். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பொருளாளர் மிக நேர்மையானவர். நன்கொடையைத் தம் சொந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு கேட்கும்போது செலவு செய்கிறார். தனிக் கணக்கு வேண்டும் என்றால் அவர் மனம் புண்படுமோ என்று தயங்குகிறோம்.

பதில்: நேர்மையானவருக்குத்தான் தனிக் கணக்கு மிகவும் தேவை. நாளை ஒருவர் சந்தேகம் கிளப்பினால், தம் பணம் எது, சங்கத்தின் பணம் எது என்று அவரால் எதைக் காட்டி நிரூபிக்க முடியும்? சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இருவர் கையெழுத்து, பத்து ரூபாய் வந்தாலும் எண்ணிட்ட ரசீது, மாதம் ஒருமுறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று தீர்மானம் போடுங்கள். அவரே அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு முன்மொழிவார்கள். கையெழுத்திடும் இருவர் கணவன் மனைவியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: உறுப்பினர் பட்டியலில் அறுபது பேர், வேலைக்கு வருபவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் நானும் ஒருத்தி. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. மற்றவர்களை எப்படி வரவழைப்பது?

பதில்: அம்மா, உங்கள் அலுப்பு நியாயமானது. ஆனால் மற்ற ஐம்பத்தேழு பேரையும் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவதற்கு முன், நீங்கள் அவர்களிடம் எதைக் கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "பூங்காவைப் பேண முன்வாருங்கள்" என்ற அழைப்பு யாரையும் எழுப்பாது. எவ்வளவு நேரம், எதுவரை என்று தெரியாத வேலைக்குக் கை தூக்க எல்லாருக்கும் பயம். "செவ்வாய்க்கிழமை மாலையில் வேலியை ஒருமுறை சுற்றி வந்து, தளர்ந்த கம்பியையும் பள்ளத்தையும் படமெடுத்து அனுப்ப வேண்டும், இருபது நிமிடம், மூன்று மாதத்துக்கு மட்டும்" என்று ஒருவரை நேரில் பார்த்துக் கேளுங்கள். குழுச் செய்தியில் கேட்டால் அறுபது பேரும் மற்ற ஐம்பத்தொன்பது பேரை நினைத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் முடிந்ததும் அவரை நிச்சயமாக விடுவித்துவிடுங்கள், அவரே தொடர விரும்பினாலொழிய. விடுவிக்கப்படுவோம் என்ற உறுதி இருந்தால்தான் அடுத்தவர் வருவார்.

நீங்களும் ஒரு வேலையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். அதைச் செய்யும் முறையை ஒரு தாளில் எழுதி, எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பது உட்பட, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். அவர் உங்கள் அளவுக்குச் செய்ய மாட்டார். அதைப் பொறுத்துக்கொள்வது மூவரும் கற்க வேண்டிய பாடம். எனக்கே அது எளிதாக வரவில்லை.

கேள்வி: எங்கள் சங்கத் தலைவரின் நாய் இதுவரை மூன்று நாய்களைக் கடித்திருக்கிறது. வேறு யாருடைய நாயாக இருந்தாலும் அவரே நடவடிக்கை கேட்டிருப்பார். எப்படிக் கையாள்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்: முதலில் மூன்று கடிகளும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தப் பூங்காவிலும் ஒரு நிகழ்வுப் பதிவேடு இருக்க வேண்டும். நாள், நேரம், இடம், எந்த நாய்கள், காயம் எத்தகையது, மருத்துவரிடம் போனார்களா, கண்ணால் கண்டவர் யார் என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். "வெறித்தனமான நாய்", "பொறுப்பற்ற உரிமையாளர்" போன்ற சொற்கள் வேண்டாம். அவை பின்னாளில் எழுதியவரையே திருப்பித் தாக்கும். பதிவு எதுவும் இல்லையென்றால் பாதிக்கப்பட்ட மூவரிடமும் இப்போதாவது எழுதி வாங்குங்கள். குழுச் செய்திகளில் இதை விவாதிக்க வேண்டாம்.

அடுத்து, துணைத் தலைவரின் தலைமையில் செயற்குழுவைக் கூட்டுங்கள். தலைவர் தம் தரப்பைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் அவர் இருக்கக் கூடாது. இப்படி ஒரு விதி உங்கள் துணைவிதிகளில் இல்லையென்றால், அன்றைக்கு அதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு மேலே செல்லுங்கள். சங்கத்தால் யாரையும் பூங்காவிலிருந்து விலக்க முடியாது, அது உள்ளாட்சியின் அதிகாரம். சங்கம் செய்யக்கூடியது, கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொல்லிக் கேட்பதும், பயிற்சியாளர் ஒருவரிடம் நாயைக் காட்டச் சொல்வதும், அவர் கேளாவிட்டால் பதிவேட்டின் நகலை உள்ளாட்சிக்கு அனுப்புவதும்தான். வாய்க்கூடை மாட்டி அழைத்து வந்தால் போதாதா என்று அவர் கேட்கலாம், போதாது. மற்ற நாய்கள் நெருங்கினால் அந்த நாய் இன்னும் அஞ்சும், அதன் சிக்கல் அப்படியே இருக்கும்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், தலைவர் அறையை விட்டு வெளியேறிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.