இரட்டையர் ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒற்றையரில் தேறாதவர்கள்தானா? அதை மட்டும் நம்பி டென்னிஸில் காலம் தள்ள முடியுமா?

கேள்வியின் முதல் பாதி சுருக்கென்று தைத்தது. அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தளத்தில் வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான்.

உங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். "உனக்கு டபுள்ஸ்தான் சரிப்படும்" என்று கோச் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு வீட்டில் முகம் சுருங்கியிருக்கும். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், ஆனால் அப்படி ஒரு பிள்ளைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுதப்போகிறேன்.

நான் சில வருடங்கள் ஃப்யூச்சர்ஸ், சேலஞ்சர் மட்டத்தில், அதாவது பெரிய டூருக்குக் கீழ்ப்படியில் இருக்கும் போட்டிகளில், இரட்டையர் ஆடியவன். பெயரைத் தேடிப் பார்க்காதீர்கள், தேடினால் கிடைக்கிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை.

முதல் பாதிக்கு நேர்மையான பதில்: ஆமாம், இரட்டையரில் மட்டும் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒற்றையரில் ஓரளவுக்கு மேல் ஏற முடியாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான். சிலரை உடம்பு தள்ளிவிட்டது. யூகி பாம்ப்ரி ஜூனியரில் உலக முதலிடம், 2009-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம், பெரியவர்கள் ஒற்றையரில் 83-ஆம் இடம் வரை போனவர். காயங்கள் விடவில்லை, இரட்டையருக்கு வந்தார். 2025 அமெரிக்க ஓபனில் மைக்கேல் வீனஸுடன் அரையிறுதி. இவரைத் தேறாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"மெக்கன்ரோ இரண்டிலும் முதலிடத்தில் இருந்தாரே, எட்பர்க் இருந்தாரே, திறமை இருப்பவன் இரண்டும் ஆடுவான்" என்று கீழே யாராவது எழுதப்போகிறீர்கள். தெரியும். அந்தக் காலத்தில் ஒற்றையர் ஆடியவர்களே சர்வ் அடித்துவிட்டு நெட்டுக்கு ஓடினார்கள், இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே கை போதுமாக இருந்தது. இப்போது ஒற்றையர் பெரும்பாலும் பேஸ்லைனில் நின்று நடக்கும் யுத்தம். அதை ஆடுகிறவன் நாள் முழுக்கப் பழகுவது வேறு, பிரையன் சகோதரர்கள் பழகியது வேறு. அந்த இரட்டைப் பிள்ளைகள் ஜோடியாக 119 பட்டம் வாங்கினார்கள், அதில் 16 கிராண்ட்ஸ்லாம். 2018-ல் பாபுக்கு இடுப்பில் காயம். மைக், ஜாக் சாக்கைச் சேர்த்துக்கொண்டு விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் அதே வருடம் வென்றார். அப்போது மைக்குக்கு நாற்பது வயது.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். காலம் தள்ள முடியுமா என்றால், மேலே இருக்கிறவர்களுக்கு முடியும். 2024 விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையரில் வென்ற ஜோடிக்கு ஆறரை லட்சம், அதை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் வென்றவர்கள் ஹென்றி பேட்டனும் ஹாரி ஹெலியோவாராவும். பேட்டன் சில வருடங்களுக்கு முன் அதே விம்பிள்டனில் உட்கார்ந்து ஆட்டப் புள்ளிவிவரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ஹெலியோவாரா டென்னிஸையே விட்டுவிட்டு விமான நிலையத்தில் வேலைக்குப் போய், பிறகு திரும்பி வந்தவர். இந்தக் கதையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் சேலஞ்சர் மட்டத்தில் முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கிற தொகை விமான டிக்கெட்டுக்குக் காணாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உண்மையில் இந்தத் தொழிலில் கஷ்டம் காசு மட்டுமில்லை. ஆட ஆள் வேண்டும். ஒற்றையர் ஆடுகிறவனுக்கு அவன் ரேங்கிங் போதும். நமக்கு இரண்டு பேர் ரேங்கிங்கையும் கூட்டித்தான் போட்டிக்குள் இடம். அதனால் ஒருவரோடு நன்றாக ஆடுகிறோமா என்பதைவிட, கூட்டினால் எண் எவ்வளவு வரும் என்பதே முதல் கேள்வி. 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் வந்து இரண்டை ஜெயித்த பயஸ்–பூபதி ஜோடியே உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்தது என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

என் பார்ட்னர் ஒருத்தன் ஒரு சீசன் முழுக்க என்னோடு ஆடினான். ஒரே அறை, ஒரே ஸ்ட்ரிங் சுருளைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொள்வோம். ஒரு சேலஞ்சருக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் இரவில் மெசேஜ் வந்தது: "ஸாரி, நல்ல ரேங்க்கில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்." கூடவே கட்டைவிரல் எமோஜி. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அனுப்பினான். எனக்கு இன்றைக்கும் அந்த எமோஜிமேல்தான் கோபம். அவன் செய்தது தொழில் தர்மத்தில் தப்பில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

மறுநாள், பார்ட்னர் தேடும் குரூப்களில் எல்லாம் எழுதிப்போட்டேன். மாட்டியவர் என்னைவிடப் பல வயது மூத்தவர், ஒற்றையரை எப்போதோ விட்டவர். முழங்காலில் பட்டை, பேச்சு குறைவு. வார்ம்அப்பில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பாய்? இடது பக்கம் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

எதிரில் இரண்டு இளவட்டங்கள், இரண்டு பேருமே ஒற்றையரில் நல்ல ரேங்க், பந்தைப் பிளந்து கட்டினார்கள். முதல் செட் போனது. நான் ஏஸ் அடிக்கப் பார்த்து முதல் சர்வை எல்லாம் நெட்டில் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கம் மாறும்போது அவர் சொன்னார்: "வேகத்தைக் குறை. முதல் சர்வ் உள்ளே விழட்டும், அவன் உடம்பைப் பார்த்துப் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." பிறகு ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் நெட்டருகே குனிந்து முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவார். சுட்டுவிரல் காட்டும் பக்கம் சர்வ் போக வேண்டும். முஷ்டி மூடியிருந்தால் இருந்த இடத்திலேயே நிற்பார், கை விரிந்திருந்தால் குறுக்கே பாய்வார். நான் சாதாரண சர்வ் போடப்போட அவர் அந்தரத்தில் வெட்டி முடித்துக்கொண்டே இருந்தார். என் சர்வ் திடீரென்று நன்றாகிவிட்ட மாதிரி வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது செட் 5-5, அவர்கள் சர்வ், 40-40. டூர் இரட்டையரில் 2006-லிருந்து டியூஸ், அட்வான்டேஜ் என்று இழுப்பதில்லை. ஒரே பாயிண்ட், அதை எந்தப் பக்கம் எடுப்பது என்று ரிட்டர்ன் செய்கிற ஜோடி முடிவு செய்யலாம். அதுவரை அந்தப் பாயிண்டை எல்லாம் அவரே எடுத்திருந்தார். இந்த முறை என்னிடம் வந்து வாயை ராக்கெட்டால் மறைத்துக்கொண்டு, "நீ எடு. இவன் பயந்தால் நடுக்கோட்டுக்குத்தான் அடிக்கிறான். நெட்டில் இருப்பவன் அவசரக்காரன், பந்து உன் ராக்கெட்டில் படுவதற்குள் நகர்ந்துவிடுவான். அவன் விட்டுப் போகும் இடத்தில் நேராக அடி" என்றார். சர்வ் நடுவில்தான் வந்தது. நெட்டில் நின்றவன் நகர்ந்தும் விட்டான். நான் நேராகத் தள்ளினேன், பந்து டிராம்லைனுக்குள், இரட்டையருக்கு மட்டும் சேரும் அந்த ஓரப்பட்டைக்குள், விழுந்து எழும்பும்போது அங்கே யாருமில்லை. செட் 7-5. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் பத்துப் பாயிண்ட் டை-பிரேக்கையும் எடுத்தோம்.

ஒன்றரை மணி நேரம் எதிராளியின் பழக்கங்களைக் கணக்கு வைத்திருந்து, சரியான ஒரு இடத்தில் எடுத்துச் செலவழிக்கிறார் ஒரு மனிதர். இதைத்தான் தேறாதவன் வேலை என்கிறார்கள்.

அடுத்த சுற்றில் தோற்றோம். அடுத்த வாரத்துக்கு அவருக்கு வேறு பார்ட்னர் ஏற்கெனவே இருந்தார். அதை என் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டுக் கை கொடுத்துவிட்டுப் போனார். எமோஜி எதுவும் இல்லை.

இன்னொரு ஆதங்கம். 2025-ல் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரைப் போட்டிக்கு முந்தைய வாரத்தில் இரண்டே நாளில் முடித்தார்கள். 16 ஜோடிதான், இறுதியைத் தவிர மற்ற ஆட்டங்களில் நான்கு கேம் எடுத்தால் ஒரு செட், வென்றால் 10 லட்சம் டாலர். பாதி இடம் ஒற்றையர் ரேங்கிங்கை வைத்து, பாதி வைல்டு கார்டு, அதாவது நடத்துகிறவர்களே கூப்பிட்டுக் கொடுக்கும் இடம். இரட்டையரையே தொழிலாக வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெளியே. ஸ்டேடியம் நிரம்பியதே, டிவியில் பார்த்தார்களே என்பீர்கள். நிரம்பட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசியில் கோப்பையைத் தூக்கியது யார்? முந்தைய வருட சாம்பியன்கள் எர்ரானியும் வவஸ்ஸோரியும்தான். இறுதியில் ஸ்வியாடெக்–ரூட் ஜோடியை வென்றார்கள். அன்று இரவு நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஒரு விமான நிறுவனம் என் ராக்கெட் பையை ஒரு முறை எங்கோ அனுப்பிவிட்டது. பார்ட்னரின் ராக்கெட்டில், எனக்குப் பழக்கமில்லாத கிரிப்பில் ஆடித் தோற்றேன். பை வந்து சேர்ந்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை. நஷ்டஈடு கேட்டால் "விளையாட்டுச் சாமான் எங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு கடிதம். ஏற்றும்போது மட்டும் அதே சாமானுக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தெரிந்தது.

சரி, உங்கள் விஷயம். பதினெட்டு வயதில் ஒற்றையரை முழுதாக விட்டுவிடாதீர்கள். பல போட்டிகளில் ஒற்றையர் ரேங்கிங்கைக் காட்டியே இரட்டையருக்குள் நுழையலாம், இருக்கிற சாவியை ஏன் தூக்கிப்போட வேண்டும்? வயதைப் பற்றிப் பதற வேண்டாம். ரோஹன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓபனை எப்டனுடன் வென்று முதல் முறையாக முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு 43. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், யோகாசனத்தால் காலை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். டேனியல் நெஸ்டர் 46 வயது வரை ஆடினார். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

பயிற்சியில் பாதியை ரிட்டர்னுக்குக் கொடுங்கள், அதுவும் ஓங்கி அடிக்கிற ரிட்டர்ன் இல்லை, நெட்டுக்கு ஓடி வருகிறவன் காலடியில் தாழ விழுகிறது. சர்வ் நன்றாகப் போடுகிற பையன்கள் எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். அந்த ரிட்டர்ன் உங்களிடம் இருப்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் பார்ட்னர் தேடி நீங்கள் மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்காது, அவர்களே அனுப்புவார்கள்.