பூர்வீக வீட்டுக் கொல்லையில் இருக்கும் பழைய வண்டிக் கொட்டகையை இடித்துவிட்டுக் கட்டப் போகிறார்கள். காப்பாற்ற வழி உண்டா?

சட்டம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடியிருப்பீர்கள். நானும் தேடினேன். தனியார் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கொட்டகைக்காக நடைமுறையில் யாரும் வரமாட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம், பாபநாசம் திருப்பாலைத்துறையில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. கூம்பு மாதிரி செங்கல்லில் கட்டியது. அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, சந்தோஷம். அதே வேலையைச் செய்த குடியானவர் வீட்டுக் களஞ்சியங்களைச் சீந்த ஆளில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. தாராசுரம் கோயில் போல மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் உங்கள் வீடு இருந்தால், நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு அங்கே புதுக் கட்டடம் கிடையாது. பழையதைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அதாவது, இடித்தால் இடித்ததுதான். அப்படி இருந்தால் இதை உங்கள் அண்ணன் காதில் போட்டு வையுங்கள், தூக்கம் போய்விடும். (அண்ணன்தானே? தம்பியாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் தம்பி.)

சிங்கப்பூரிலிருந்து வந்தவன், கொல்லையில் இரண்டு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவோம் என்றான். தப்பில்லை, அவன் காசு. இடிப்புக்கு வந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூலியே வேணாம் சார், மேல நானே ஒரு தொகை தர்றேன்" என்றார். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எவனாவது சும்மா இடித்துத் தருவானா? மறுநாள் எங்கள் ஊர் ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் ஏணி போட்டு ஏறி, புகைக்கரி படிந்த உத்திரத்தை உளியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே தேன் நிறத்தில் தேக்கு. "பர்மா சரக்கும்மா. கைமரமெல்லாம் வைரம் பாஞ்ச பனை. கட்டடத்தையா வாங்கறான், மரத்தை வாங்கறான்" என்றார். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாரம்பரியம், தாத்தா, பாட்டி என்று நான் பேசியதெல்லாம் ஏறாத காதில் அந்த ஒரு வார்த்தை ஏறியது.

இன்ஜினியர் "சுவர் உப்பியிருக்கு, நிக்காது" என்று எழுதிக் கொடுத்திருந்தார். உப்பியது உண்மை. காரணம், முன்பு யாரோ சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசியது. குரங்கு உடைத்த ஓடு வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லை மாவாக்கியிருக்கிறது. சிமென்ட்டைக் கொத்தியெடுத்து, காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசினோம். ஓடுகளைப் பிரித்து மாற்றினோம். இப்போது வண்டி நின்ற இடத்தில் தம்பியின் கார் நிற்கிறது, அளவெடுத்துக் கட்டியது மாதிரி. வாசல் தூணில் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், வண்டிச் சக்கரத்தின் நடுக்குடம் உரசி உரசி விழுந்தது. அதைப் பூசி மறைக்க வந்த கொத்தனாரிடம் சண்டையே போட்டேன். போர்ஷன் வைக்கோல்போர் போடும் இடத்தில் எழும்பியது. மாட்டுக் கொட்டில் போய்விட்டது. அதையும் பிடித்துவைத்திருந்தால் எல்லாமே போயிருக்கும்.

"வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு" என்று யாராவது வருவார்கள். கூரை ஒழுகும் ஒரே வீட்டில் குடியிருப்பவரை இடிக்காதே என்று நான் சொல்லவில்லை. கொல்லையில் வேறு இடம் கிடக்கும்போது இதைத்தான் இடிக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு இதில் என்ன பேச்சு?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். நான் அதில் ஒருத்தி. பிறகு 2005இல் எங்களையும் சேர்த்து மத்தியச் சட்டத் திருத்தம் வந்தது, அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதற்குப் பிறகும் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், காபி கொடுத்து. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கேள்வி கேட்டவர் பெண்ணாக இருந்தால், உங்களுக்குப் பங்கு இருக்கிறதா என்று முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். பங்குதாரராகப் பேசுவது வேறு, கூடப்பிறந்தவளாகக் கெஞ்சுவது வேறு.

அதுவரை ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். கூரை ஒழுகாத கொட்டகையை "தானே விழுந்துரும்" என்று யாரும் சொல்ல முடியாது. மரம் என்ன மரம் என்பதை இடிப்புக்காரரிடம் கேட்காதீர்கள், ஆசாரியிடம் கேளுங்கள்.