பழைய கம்ப்யூட்டரில் வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்: எந்த ஓஎஸ் போடலாம்?

கேள்வி: காரைக்குடியில் ஐந்து புள்ளிகளுக்கு (தனித்தனிக் குடும்பங்களுக்கு) பங்குள்ள வீட்டில் இருக்கிறோம். ஐயா காலத்துப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் (கல்யாண ஒப்பந்த ஓலைகள்/தாள்கள்), பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வருகிறேன். கல்யாண வீடியோக்களையும் சேர்த்தால் ஒன்றரை டிபி வரும். நான்காம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர் ஒன்று (8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி) சும்மா கிடக்கிறது. 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கியிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் பார்க்க வேண்டும். இதை எல்லோரும் ஃபைல் எடுக்கும் ஸ்டோரேஜ் சர்வராக்க ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட், அன்ரெய்டு என்ற ஓஎஸ்களில் எது? இருக்கிற விண்டோஸ் 10 போதாதா?

பதில்: ஓபன்மீடியாவால்ட் போடுங்கள். மற்றவை மோசம் என்பதால் அல்ல. உங்களிடம் இருக்கும் மெஷினுக்கும், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அதைப் பார்க்கப் போகிறவருக்கும் இதுதான் ஒத்துவரும்.

விண்டோஸை முதலில் தள்ளிவிடுவோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு நான்காம் தலைமுறை ஐ3 தகுதிப் பட்டியலிலேயே இல்லை. இரவும் பகலும் நெட்வொர்க்கில் கிடக்கப்போகிற மெஷினுக்கு இது சரிப்படாது.

அன்ரெய்டு நல்ல சரக்குதான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெவ்வேறு அளவில் ஏழெட்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒரே அளவில் இரண்டே டிஸ்க் வைத்திருக்கும் நீங்கள் அதற்கு டாலரில் செலவழிப்பது வீண்.

ட்ரூநாஸில்தான் உண்மையான போட்டி. அதன் பலம் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியைச் சேர்த்து வைக்கும். பத்து வருஷம் திறக்காத ஸ்கேன் ஒன்று டிஸ்க்கிலேயே சிதைந்திருந்தால் கண்டுபிடித்துவிடும். இரண்டு டிஸ்க்கையும் மிரராக (இரண்டிலும் ஒரே பிரதி இருக்கும்படி) போட்டிருந்தால் மறு பிரதியிலிருந்து தானே சரிசெய்துகொள்ளும். பேரேடு மாதிரி மறுபடி கிடைக்காத பொருளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் 8 ஜிபி ரேம் என்பது அதன் குறைந்தபட்சத் தேவை. நாளைக்கு இம்மிச் மாதிரி போட்டோ ஆப் ஒன்றையும் ஏற்றினால் மெஷின் திணறும். இன்னொன்று: பழைய யூடியூப் வீடியோக்களில் காட்டுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஓஎஸ்ஸின் மேல் ஓடிய ட்ரூநாஸ் கோர் என்ற பழைய பதிப்பு. புதிதாகப் போடுகிறவர்கள் லினக்ஸ் பதிப்புக்குத்தான் போக வேண்டும். அந்த வீடியோக்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

ஓபன்மீடியாவால்ட் டெபியன் லினக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும். விலை கிடையாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மெஷின் செத்துப்போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, உபுண்டு பென் டிரைவில் பூட் செய்தால் ஃபைல்கள் அப்படியே தெரியும். கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்த எந்தத் தம்பியாலும் இதைச் செய்ய முடியும்.

இன்ஸ்டால் செய்யும்போது 4 டிபி டிஸ்க் இரண்டின் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இன்ஸ்டாலர் தான் உட்காரும் டிஸ்க்கை முழுசாக அழித்துவிடும். தவறான டிஸ்க்கைக் கிளிக் செய்துவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள் நிறையப் பேர். எஸ்எஸ்டியில் ஏற்றி முடித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அப்புறம் கேபிளை மாட்டுங்கள்.

இப்போது அந்த இரண்டு டிஸ்க். மிரர் போடத்தான் கை பரபரக்கும். போடாதீர்கள். மிரர் காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும். யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். முதல் டிஸ்க்கை பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமாக ஃபார்மட் செய்து உள்ளே வையுங்கள். அதிலும் சரிபார்ப்புக் குறியும், ஃபைல்களின் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டும் உண்டு. ஒற்றை டிஸ்க் என்பதால் சிதைவைக் கண்டுபிடிக்குமே தவிர தானே சரிசெய்யாது. அதற்குத்தான் இரண்டாவது டிஸ்க். அதை லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்து யுஎஸ்பி பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை மாட்டி, ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கருவி மூலம் பிரதி எடுங்கள். அங்கே மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும் விருப்பம் ஒன்று இருக்கும். அதை டிக் செய்ய வேண்டாம். பிரதி எடுத்ததும் டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ நம்பகமான உறவினர் வீட்டு பீரோவுக்குப் போகட்டும்.

பேரேடு ஃபோல்டரில் எழுதும் உரிமை உங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் இருக்கட்டும். மற்றப் புள்ளிகளுக்குப் படிக்கும் உரிமை போதும். சண்டைக்காகச் சொல்லவில்லை, விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் போனில் என்னவெல்லாம் அழிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று, கரண்ட். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே பல கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அது கெடுதல். யுஎஸ்பி கேபிளோடு வரும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி, நட் என்ற ப்ளகின்னைப் போட்டால், பேட்டரி இறங்கும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கையில் காசு இருந்தால் ரேமுக்கு முன் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

சர்வரை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து லேன் கேபிளில் இணையுங்கள். நம் பக்கத்துச் சுவர்களைத் தாண்டி வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. வீட்டின் அந்தக் கோடியில் வேண்டுமென்றால் கேபிள் இழுத்து அங்கே வைஃபை தரும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்காக ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்க வேண்டாம். பல இணைய இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரியே இருக்காது. இருந்தாலும் அது திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி. உங்கள் கருவிகளை மட்டும் இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போதும். தனிநபர் உபயோகத்துக்கு இலவசம். சர்வரிலும் அவர் போனிலும் லேப்டாப்பிலும் போட்டுவிட்டால் வீட்டில் இருப்பது போலவே ஃபோல்டரைத் திறக்கலாம்.

பின்னால் 16 ஜிபி ரேமும் நான்கு டிஸ்க்கும் சேர்ந்தால் ட்ரூநாஸுக்கு மாறுங்கள், நானே அதைத்தான் சொல்வேன். டிஸ்க்கில் தகவலை எழுதும் முறையில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு; அப்போது வாங்கும் டிஸ்க் சிஎம்ஆர் வகையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கை இசட்எஃப்எஸ்ஸில் போட்டால், பழுதான டிஸ்க்கை மாற்றி மறுபடி நிரப்பும் வேலை நாள்கணக்கில் இழுக்கும்.