ஐம்பத்தாறு வயதில் வேலை போனால்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 56 வயது. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 29 வருடம் வேலை, கடைசியாக சூப்பர்வைசர். போன மாதம் எங்கள் லைனை மூடப்போவதாகச் சொல்லி விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) கொடுத்துவிட்டார்கள். கிராஜுவிட்டியும் சேர்த்து 34 லட்சம் வரும், பிஎஃப் தனி. வீட்டுக் கடன் பாக்கி 6 லட்சம். மகள் எம்எஸ்சி கடைசி வருடம். மைத்துனர் மனை வாங்கச் சொல்கிறார், மகன் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கலாம் என்கிறான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பதில்: மனையும் வேண்டாம், கடையும் வேண்டாம் சார். மனை மாதாமாதம் அரிசி பருப்பு வாங்கித் தராது, அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கடை வைக்க மகனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் ஆறு மாதம் அப்படி ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்று பார்த்துவிட்டு வரட்டும், அதன் பிறகு அவன் பெயரில் கடன் வாங்கித் தொடங்கட்டும். உங்கள் வயதான காலத்துப் பணம் அதற்கு முதல் இல்லை.

34 லட்சமும் முழுசாகக் கைக்கு வராது என்பதை வீட்டில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி இல்லை, ஆனால் விஆர்எஸ் தொகையில் 5 லட்சத்துக்குத்தான் விலக்கு, மீதி உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் வரும். ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். வரிக்கு 3 லட்சம் போகிறது, வீட்டுக் கடனை 6 லட்சம் கட்டி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 25. கடனை முடிக்கத்தான் சொல்வேன், சம்பளம் இல்லாத வீட்டில் இஎம்ஐ தேதி நெருங்கும்போது வருகிற பதற்றம் பொல்லாதது. மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் கிடையாது. பத்திரத்தை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிந்து, வில்லங்கச் சான்று போட்டு அடமானம் நீங்கிவிட்டதா என்று பாருங்கள், பலர் இந்த வேலையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அவசரமான விஷயம். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொதுவாக 60 வயதானவர்களுக்கு, ஆனால் 55 முடிந்து விஆர்எஸ்ஸில் வந்தவர்களும் சேரலாம். ஓய்வுத் தொகை கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும், தவறினால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் எப்போது ஓய்வு பெற்றீர்கள், எவ்வளவு தொகை தந்தார்கள் என்று கம்பெனி லெட்டர் கேட்பார்கள், அதை எச்ஆரில் இருப்பவர்கள் இன்னும் உங்கள் போனை எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். 30 லட்சம் வரை போடலாம், இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். மீதி 5 லட்சம் வங்கியில், மகள் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும்.

பிஎஃப்பைத் தொடாதீர்கள். 58 வரை அதற்கு வட்டி சேரும், வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்றாலும் லாபம்தான். பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷனையும் 58-ல் வாங்குங்கள், முன்னால் எடுத்தால் ஒரு வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுள் முழுக்கத் தொடரும். ஆக உங்கள் பிரச்சினை இந்த இரண்டு வருடம்தான். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய வெண்டார் கம்பெனிகளில் தரப் பரிசோதனைக்கு அனுபவமுள்ள ஆட்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். பழைய சம்பளத்தில் பாதி கிடைத்தாலும் போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி: என் கணவருக்கு 53 வயது. வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சொல்லக் கூடாது என்கிறார். தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய்விட்டு சாயங்காலம் வருகிறார். எங்கே போகிறார் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: கேளுங்கள் அம்மா, இன்று ராத்திரியே கேளுங்கள். வேலையைப் பற்றி வேண்டாம், பகலெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014-ல் மூடியது, மறைமலைநகர் ஃபோர்டில் 2022-ல் உற்பத்தி நின்றது, 2020 ஜனவரி 31-ல் பிஎஸ்என்எல்லிலிருந்து 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். அத்தனை பேரும் திறமை இல்லாதவர்களா?

பிள்ளைகளிடம் அவரே சொல்வதுதான் நல்லது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பக்குவமாக எடுத்துக்கொள்வார்கள், செலவையும் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள். மாமியாருக்குச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். தூக்கம் கெட்டு, வாழ்ந்து என்ன என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவர் பேச மாட்டேன் என்றால் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது, சென்னையில் ஐடி. எங்கள் டீமிலேயே ஆள் குறைப்பு ஆரம்பித்துவிட்டது. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: சொந்தமாக மருத்துவக் காப்பீடு, இந்த மாதமே. கம்பெனி பாலிசி வேலையோடு முடிந்துவிடும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புது பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், அந்த மூன்று வருடம் சம்பளம் வரும்போதே ஓடி முடியட்டும். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. அடுத்து, ஒரு வருட வீட்டுச் செலவை வங்கியில் தனியாக வையுங்கள், ஆறு மாதம் போதும் என்பார்கள், நாற்பது தாண்டியவர்களுக்கு அடுத்த வேலை அவ்வளவு சீக்கிரம் அமைவதில்லை. வீட்டுக் கடன் 60 வயது வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டி 50-க்குள் கொண்டுவரப் பாருங்கள். கடனுக்குப் புது கார் எடுப்பதாக இருந்தால் அதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.