பழைய கிரேக்கத்தை வகுப்பில் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு, 40 பேர், 45 நிமிடம். கடவுள்கள், ஒலிம்பிக், நாடகம், தத்துவம் எல்லாவற்றையும் ஸ்லைடில் போடலாமா?

பதில்: வேண்டாம், வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும். ஏதென்ஸ்காரர்கள் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பிள்ளைகளும் செய்யட்டும். நான் சொல்வது பானையோட்டு வாக்கெடுப்பு. அளவுமீறி வலுத்துவிட்டதாகக் கருதிய தலைவரின் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடு விழ வேண்டும். வெளியேற்றப்பட்டவர் 10 ஆண்டு ஊர் திரும்ப முடியாது. சொத்து மட்டும் பறிபோகாது.

கேள்வி: ஓடு தயாரிப்பது எப்படி?

பதில்: பெரிய மண் பூந்தொட்டி இரண்டு போதும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். திறந்து வைத்துத் தட்டினால் சில்லு கண்ணில் தெறிக்கும். விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். கறுப்பு போஸ்டர் கலரை மெல்லியதாக ஒரே பூச்சு பூசி, காய்ந்ததும் ஆணியால் கீறினால் எழுத்து செம்மண் நிறத்தில் பளிச்சென்று எழும். தடித்துப் பூசினால் கீறும்போது ஏடு ஏடாக உரியும். தந்தை பெயரும் சேரட்டும்: "தெமிஸ்டோக்ளீஸ், நியோக்ளீஸ் மகன்". அகழ்வில் கிடைத்த ஓடுகளிலும் இப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: வகுப்பு மாணவர்கள் பெயரையே எழுதலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் பெயர் இருபது ஓட்டில் வந்தால் அந்தக் காயம் ஆறாது. ஏதென்ஸ் தலைவர்களான தெமிஸ்டோக்ளீஸ், அரிஸ்டைடீஸ் இருவரும் போதும். இருவருமே உண்மையில் வெளியேற்றப்பட்டவர்கள். வாக்கெடுப்பு நாளில் அங்கே மேடைப்பேச்சு கிடையாது. அதனால் விவாதத்தை முந்தைய வகுப்பிலேயே முடியுங்கள். தலைப்பு: ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியோன் சுரங்க வெள்ளியை ஆளுக்குப் பத்து டிராக்மாவாக (கிரேக்க வெள்ளிக்காசு) பங்கிடுவதா, தெமிஸ்டோக்ளீஸ் கேட்டபடி போர்க்கப்பல் கட்டுவதா?

இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரே மாணவியைப் பத்து ஓடு எழுதவைத்து ரகசியமாகக் கலந்துவிட்டு, எண்ணும்போது கையெழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவுக் கிணறு ஒன்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயரோடு சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எழுதிய கைகளோ பதினான்குதான்! முன்கூட்டியே எழுதி விநியோகிக்க வைத்திருந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகள் இதைத் தாங்களே பிடித்துவிட்டால் வகுப்பு கலகலக்கும்.

கேள்வி: விவாதத்துக்குத் தண்ணீர்க் கடிகாரம் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அது நீதிமன்றத்துக்கு உரியது என்று சொல்லிவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியோரம் 3 மி.மீ. துளையிட்டால் சுமார் நான்கு நிமிடம் ஓடும். முதலில் போனில் நேரம் பாருங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும். நீர் இறங்க இறங்க அழுத்தம் குறைவதால் வேகமும் குறையும். பாதி நேரம் முடியும்போது பாட்டிலில் கால் பங்குதான் மிஞ்சும், கோடு அங்கே போடுங்கள்.

கேள்வி: உடைக்கு டோகா?

பதில்: டோகா ரோமானியருடையது. இங்கே கிட்டோன்: தைக்காத நீள்சதுரத் துணி, தோளில் ஊக்கு, இடுப்பில் கயிறு.