ஒதுக்கிய பணம் எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: வளரும் நாடுகள் பலவற்றில் கல்விக்கான நிதியை ஆண்டுதோறும் கூட்டுகிறார்கள். பள்ளிக்கூடங்களோ அப்படியேதான் கிடக்கின்றன. பணம் எங்கே போகிறது?

ப: பட்ஜெட்டில் ஒதுக்கும் தொகை ஒன்று, கருவூலம் விடுவிக்கும் தொகை வேறு, பள்ளியின் கைக்கு வரும் தொகை வேறு. மூன்றையும் தனித்தனியே வாங்கி ஒப்பிட்டால்தான் ஓட்டை தெரியும். உகாண்டாவில் 1996-ல் அதைத்தான் செய்தார்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு அனுப்பிய மானியத்தை 250 பள்ளிகளின் பதிவேடுகளோடு வைத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போயிருந்தது. மிச்சம் பெரும்பாலும் மாவட்ட அளவிலேயே நின்றுவிட்டது. தங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதே பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தெரியாது. ஆசிரியர் சம்பளத்தில் இந்த அளவுக்குக் கசிவு இல்லை; வராவிட்டால் வாங்குபவரே போய்க் கேட்பாரே! பிறகு மாவட்டங்களுக்கு அனுப்பும் தொகையை நாளிதழ்களில் வெளியிட்டார்கள். வந்த தொகையைப் பள்ளியில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். 2001-க்குள் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. நாளிதழ் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் கண்காணிப்பும் இறுகியது.

கே: ஏழைகளுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தால் செலவு குறையுமே?

ப: குறையும். ஆனால் கூலி வேலைக்காரரிடம் சம்பளச் சீட்டு ஏது? அதனால் கூரை, தரை, வீட்டுச் சாமான்களைப் பார்த்து வருமானத்தைக் கணிக்கிறார்கள். போன மாதம் வேலை போன வீட்டிலும் டிவி இருக்கும். அதற்கும் வசதிக்கான மதிப்பெண் விழுந்து பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். பட்டியலைச் சுருக்கச் சுருக்க உண்மையான ஏழைகள் கூடுதலாக வெளியே நிற்பார்கள். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், பிரேசிலைப் போல 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது குடும்ப விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். விடுபட்டவர் முறையிட ஓர் இடமும் வேண்டும். தொடக்கக் கல்வியிலும் அடிப்படை மருத்துவத்திலும் ஆள் பார்த்துப் பிரிக்கவே கூடாது.

கே: எரிபொருள் மானியத்தை எடுத்துவிட்டுப் பணமாகத் தரலாமா?

ப: தரலாம், வரிசை மாறக் கூடாது. ஈரான் 2010 டிசம்பரில் விலையை ஏற்றுவதற்கு முன்பே மக்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு வைத்தது. விலை ஏறியதும் எடுக்க விட்டது. தலைக்கு மாதம் 4,55,000 ரியால். சறுக்கியது அதற்குப் பிறகுதான்: விலைவாசி ஏறியபோது தொகையை ஏற்றவில்லை, சில ஆண்டுகளிலேயே அதன் மதிப்பு கரைந்துபோனது. தொகையை விலைவாசிக் குறியீட்டோடு இணைப்பதை முதல் நாளே சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.